உத்தியோகத்தைப் பற்றி உள்ளபடி சொல்லுங்கள்

ஊர்ப் பெரியோர்களுக்கும், வெளியூரில் பணிபுரிந்து பண்டிகைக்கு வந்து போகும் சகோதர சகோதரிகளுக்கும், ஆலையும் பட்டறையும் கடையும் நடத்தும் முதலாளிமார்களுக்கும், கிளை நூலக வாசகர் வட்டத்தைச் சேர்ந்த நாங்கள் வணக்கத்துடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் இது.

பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆண், பெண் ஆட்கள் உடனடித் தேவை, கல்வித் தகுதி தேவையில்லை, சம்பளம் 18,000 முதல் 28,000 வரை, உணவும் தங்குமிடமும் இலவசம் என்று அச்சிட்டு, அடியில் ஒரு கைபேசி எண்ணும் போட்டிருக்கிறது. என்ன வேலை, எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்ற மூன்று விஷயங்கள் மாத்திரம் அதில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு நிற்கும் நம் வீட்டுப் பிள்ளை, தன் ஜீவனத்தின் திசையைத் தீர்மானிப்பதற்கு ஆதாரமாகக் கொள்வது பெரும்பாலும் இந்தத் தாளையும், டீக்கடைப் பெஞ்சில் யாரோ சொல்லும் ஆரூடத்தையும்தான்.

நம்பத்தகுந்த செய்தி எங்குமே கிடையாது என்று சொல்வது நியாயமாகாது. இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் பிழைப்புத் தேடித் தரும் பொருட்டு 1945-இல் தோன்றி, 1948-இல் சகல ஜனங்களுக்கும் கதவைத் திறந்து, 1956 நவம்பரில் மாநிலங்களின் பொறுப்புக்கு வந்த வேலைவாய்ப்பு அலுவலகம், மாவட்டத் தலைநகரில் இன்றும் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்பது அதன் இப்போதைய பெயர். அந்தப் பெயரின் முற்பாதியை மட்டும் அறிந்து, பதிவைப் புதுப்பிப்பதற்காக மூன்றாண்டுக்கு ஒரு முறை பதறும் நாம், பிற்பாதியைப் படிப்பதே இல்லை. போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் தன்னார்வப் பயிலும் வட்டம் அங்கே நடப்பதையும், எந்தப் படிப்பு எந்த வேலைக்கு உதவும் என்று கேட்டால் விளக்குவது அந்த மையத்தின் கடமை என்பதையும் அறிந்தவர் எங்கள் வட்டத்திலேயே இருவர்தாம் இருந்தார்கள்.

ஆயினும் அந்த அலுவலகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் தங்கள் காலியிடங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தக் கடமையைக் கைவிடவில்லை. ஆனால் 1959-இன் சட்டம் தெரிவிக்கச் சொல்லிற்றே தவிர, அலுவலகத்தின் மூலமாகவே ஆள் எடுக்கச் சொல்லவில்லை. வீட்டு வேலையையும் மூன்று மாதத்துக்குட்பட்ட வேலையையும் அது தொடவும் இல்லை. 2017 முதல் மத்திய அரசு நடத்திவரும் தொழிலாளர் கணக்கெடுப்போ, வேலையில்லாதோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று சொல்லும்; ஒரகடத்தில் ஃபிட்டர் பயிற்சியாளனாகச் சேரும் பையனுக்கு அறை வாடகையும் மெஸ் கணக்கும் போக என்ன மிஞ்சும் என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் அங்கே போய் இருந்தவர் ஒருவரே. அவர் நம் அடுத்த தெருவில் இருக்கிறார், சொல்வதில்லை.

சொல்லாததற்குக் காரணம் கெட்ட எண்ணம் அன்று, சங்கோசம். பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லும் சம்பளம் ஒன்று, கைமாற்றுக் கேட்டு வந்தவரிடம் சொல்லும் சம்பளம் வேறொன்று என்று நமக்குப் பழகிவிட்டது. முதற்சொன்ன சம்பளத்தைத் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, அதையே மெய்யென்று நம்பி, அதே படிப்பில் சேர்ந்து, கல்விக் கடனும் வாங்கிவிடுகிறான் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதற்குப் பரிகாரமாக எங்கள் வட்டத்தில் ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறோம். அதன் முதற்பக்கத்தில் எழுதியவர், ஆண்டுக்கு 3 லட்சம் என்ற நியமனக் கடிதத்துடன் சென்னைக்குப் போனவர். மாதம் 25,000 என்று வீட்டார் கணக்கிட்டிருக்க, முதலாளி செலுத்தும் சேமநிதிப் பங்கும், பணிக்கொடையும், ஆண்டு முடிவில் கிடைத்தால் கிடைக்கும் ஊக்கத்தொகையும் அந்த 3 லட்சத்துக்குள்ளேயே அடக்கம் என்பதையும், தம் பங்குப் பிடித்தமும் போகக் கைக்கு வந்தது 19,000-க்கும் சற்றுக் குறைவு என்பதையும் அவர் வரிவரியாக எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த பக்கம் திருப்பூரில் பவர்டேபிளில் உட்காரும் ஓர் அம்மாளுடையது. பீஸ் ரேட்டு என்ன, ஆர்டர் இல்லாத வாரத்தில் எத்தனை நாள் சும்மா இருக்க நேரும் என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம். இந்த இரண்டு பக்கங்களும் ஆயிரம் விளம்பரங்களுக்குச் சமானம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கடல் கடந்து போக விரும்புவோரின் காரியம் இன்னும் கவனத்துக்குரியது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் புறப்பட்ட இளைஞர்கள், தமிழ்நாட்டவர் பலர் உட்பட, 2022-இல் மியான்மாரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டுக் கிடந்ததை நாடே அறியும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் அவர் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. கேட்டதற்கு முகம் சுளிக்கும் முகவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதலே இயங்கிவருவதையும் நினைவூட்டுகிறோம்.

ஆகவே, வேலையில் இருப்பவர்களையும் இருந்து விலகியவர்களையும் நாங்கள் வேண்டுவது இதுதான்: என்ன படித்தீர்கள், யார் மூலம் சேர்ந்தீர்கள், கைக்கு என்ன வருகிறது, எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், ஏன் விலகினீர்கள் என்ற ஐந்தையும் கூட்டாமல் குறைக்காமல் நோட்டில் எழுதுங்கள். முதலாளிமார்களே, ஆள் தேவைப்படும்போது சுவரில் ஒட்டுவதோடு நில்லாமல், வேலையின் பெயரையும் உண்மைச் சம்பளத்தையும் குறித்து ஒரு பிரதியை நூலகப் பலகைக்கும் அனுப்புங்கள். பெற்றோர்களே, கல்லூரிக்காரர் காட்டும் வேலைவாய்ப்புக் கணக்கை நம்பிப் பணம் கட்டுமுன் அங்கே படித்து முடித்த இரண்டு பேரையாவது நேரில் பார்த்துக் கேளுங்கள்.

நோட்டு ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை நூலகத்தின் செய்தித்தாள் மேஜையில் இருக்கும். பெயர் எழுத வேண்டியதில்லை. எழுத வராதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.