பொலிஸுக்குத் தனியே போக வேண்டாம்

பொலிஸ் ஜீப் மேலே ஏறி வந்தால் ஹந்தானை லயத்துப் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடிவிடும். அறியாமை என்பார்கள் வெளியார். இல்லை, அனுபவம்.

நம் கண்டிக்கு அருகே, ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயா தோட்டத்தில், நாட்சம்பளத்தில் 16 சதம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின்போது, 1940 ஜனவரியில் பொலிஸ் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியானார். விசாரணை ஆணைக்குழு முன் அவர் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். தொழிலாளர் விடாமல் நின்றதால்தான் அந்த விசாரணையே வந்தது.

2023 மே மாதம், கொழும்பில் வீட்டு வேலை செய்த பதுளை ராஜகுமாரியைத் திருட்டு முறைப்பாட்டில் வெலிக்கடை பொலிஸ் பிடித்தது. அன்றே இறந்தார். நீதிமன்ற வாசலைக்கூட அவர் காணவில்லை.

தோழர்களே, பொலிஸ் கூப்பிட்டால் தோட்டத் தலைவருக்குச் சொல்லி, துணையோடு போங்கள். (தலைவர்மாரே, ஓ.ஐ.சி.யோடு தேநீர் குடித்துத் திரும்புவதற்கல்ல உங்களை அழைப்பது.) வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், தமிழில் எழுதக் கேளுங்கள், அது நம் உரிமை. அடி விழுந்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டிப் பதியுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. அதை லயத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.