சம்பளத்திற்கு மாத்திரந்தானா பகுத்தறிவு?

சென்னைக்குத் தெற்கே சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினீயராயிருக்கும் வாலிபர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். வயது 29. சொந்த ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். தகப்பனார் மில் தொழிலாளியாயிருந்து இவரைப் படிக்க வைத்தவர். தினமும் கம்பெனி பஸ்ஸில் போகும் ஒன்றரை மணி நேரத்தில் செல்போனிலேயே உலகத்துப் பத்திரிகைகளையெல்லாம் படித்துவிடுவதாகவும், எந்த நாட்டு சங்கதியானாலும் தமக்கொரு திடமான அபிப்பிராயம் உண்டென்றும், ஆனால் தம்முடைய சொந்த வாழ்க்கையில் வேலை, வீடு, கலியாணம் என்கிற மூன்று விஷயங்களில் மாத்திரம் ஒன்றும் தோன்றவில்லையென்றும் எழுதி, யோசனை கேட்டிருக்கிறார். இம்மாதிரி வாலிபர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருப்பதால், அவர் பேரை விட்டுவிட்டு நம் அபிப்பிராயத்தைப் பத்திரிகையிலேயே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். 2025 செப்டம்பரில் அமெரிக்க சர்க்கார், புதிதாக எச்-1பி விசா கேட்கும் கம்பெனிகள் 1 லட்சம் டாலர் கட்டவேண்டுமென்று உத்தரவு போட்டதைப் பற்றி இவர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம், எந்தக் கம்பெனி தப்பிக்கும், எது மாட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வெகு நேர்த்தியான கணக்கு. இவ்வளவு புத்தியுள்ளவருக்கா தம் வீட்டு விஷயம் விளங்கவில்லை என்று நமக்கு ஆச்சரியமாயிருந்தது. ஆனால் யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க விஷயத்தில் நம் அபிப்பிராயத்தை யாரும் கேட்கப்போவதில்லை. அதைச் சொல்வதால் தாயார் அழமாட்டார். மாமன் வீட்டுப் படி இறங்கமாட்டேன் என்று சொல்லமாட்டார். செலவில்லாத இடத்தில் எல்லோருக்கும் பகுத்தறிவு தாராளமாய் ஓடுகிறது.

நிற்க. வேலை விஷயத்திற்கு வருவோம். 2025 ஜூலையில் டாட்டா கன்ஸல்டன்ஸி கம்பெனி 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்ததிலிருந்து, எந்தக் கம்பெனியானாலும் தம்மைப் போன்றவர்களுக்குத் தூக்கமில்லை என்கிறார். நியாயமான பயந்தான். எந்திரமே கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் கிளம்பிவிட்ட காலத்தில் பயப்படாமலிருந்தால்தான் தவறு. ஆனால் இந்தப் பயத்திற்கு இவர் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? வீட்டார் சொன்னார்களென்று திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்றி வந்திருக்கிறார். சனிப்பெயர்ச்சியாம்!

எந்தச் சனிப்பெயர்ச்சி என்று கேட்கிறோம். திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர் சனி 2025 மார்ச் 29-ந் தேதியே மீனத்துக்குப் போய்விட்டது என்றார். வாக்கியப் பஞ்சாங்கக்காரர், அதெல்லாம் இல்லை, 2026 மார்ச்சில்தான் போகும் என்றார். திருநள்ளாறு கோயிலார் வாக்கியக் கணக்கையே வைத்துக்கொண்டார்கள். ஒரு சனி, இரண்டு பஞ்சாங்கம், நடுவில் சுமார் ஒரு வருஷ வித்தியாசம். கம்பெனியில் இவர் எழுதும் புரோகிராம் ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொன்னால் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, எந்த வரியில் பிழை என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தேடுகிறார். அந்த வேலைக்குத்தான் சம்பளம் வாங்குகிறார். வாங்கின சம்பளத்தில் டிக்கெட் எடுத்துக்கொண்டு, ஒரு வருஷம் பிசகிப்போன கணக்குக்கு எண்ணெய் வார்த்துவிட்டு வருகிறார்!

வேலை போகும் என்று பயப்படுகிறவன் புதுத் தொழில் கற்றுக்கொள்ளலாம். தன் உத்தரவுக் கடிதத்தில் நோட்டீஸ் எத்தனை நாள், நஷ்டஈடு எவ்வளவு என்று படித்துப் பார்க்கலாம். தன் போன்றவர்களோடு சங்கம் சேரலாம். கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று 2016-ல் தமிழ்நாடு சர்க்கார் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மில்லில் வேலை பார்த்த இவர் தகப்பனாருக்குச் சங்கம் என்றால் என்னவென்று நன்றாய்த் தெரிந்திருக்கும். சனீஸ்வரனிடம் போவதற்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வீட்டு விஷயத்தைச் சுருக்கமாய் முடிக்கிறோம். 50 லட்சம் கடன் வாங்கிப் பிளாட் வாங்க உத்தேசமாம். சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா என்று பார்க்க வாஸ்துக்காரருக்குப் பீஸ் கொடுத்தாய்விட்டதாம். 100-க்கு 9 வட்டியில் 20 வருஷத்துக்கு 50 லட்சம் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 45,000 ரூபாய். 20 வருஷத்தில் கட்டும் மொத்தம் சுமார் 1 கோடியே 8 லட்சம். அதாவது வாங்கின கடனைவிட வட்டி அதிகம். வட்டி ஏறி இறங்குமா, நிலையா? முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா? நிலத்தின் பத்திரம் சுத்தமா? இதொன்றும் கடிதத்தில் இல்லை. இதைப் பார்க்கவேண்டிய கண்ணை அக்கினி மூலையில் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

இனிக் கலியாணம். கடிதத்தில் பாதி இதுதான். விஷயமும் உண்மையில் இதுதான் என்று நினைக்கிறோம். இவரோடு அதே கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நான்கு வருஷமாய்ப் பழகி, விரும்புகிறார். வேறு ஜாதி. வீட்டில் சொன்னதும், ஜாதியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையாம். "அதெல்லாம் இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள், ஜாதகத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு வா" என்றார்களாம். வாங்கிக் கொடுத்தார். ஜோஸ்யர் பார்த்தார். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷமாம். கட்டினால் புருஷன் உயிருக்கு ஆகாதாம். தாயார் மூன்று நாள் சாப்பிடவில்லையாம். "நான் ஜாதி பார்ப்பவனல்ல; ஆனால் இந்தத் தோஷத்திற்கு என்ன செய்வது?" என்று நம்மைக் கேட்கிறார்.

தோழரே! உம்முடைய வீட்டார் கெட்டிக்காரர்கள். ஜாதி வேண்டாம் என்று சொன்னால் நீர் சண்டைக்கு வருவீர் என்று அவர்களுக்குத் தெரியும். வெளியில் சொல்லவும் இப்போது கொஞ்சம் வெட்கமாயிருக்கிறது. ஆகவே பழியைத் தூக்கி, வாயில்லாத ஒரு கிரகத்தின் தலையில் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் உங்கள் ஜாதியில், நாலு வீட்டுக்காரியாயிருந்து, இதே ஜாதகத்தைக் கொண்டு வந்திருந்தால், இதே ஜோஸ்யர் ஒரு பரிகாரம் சொல்லி, வாழை மரத்துக்குத் தாலி கட்டியாவது தோஷத்தைக் கழித்திருப்பார். தோஷம் கழியாமற்போனது பெண்ணின் ஜாதியினாலேயொழிய ஜாதகத்தினாலல்ல. 2011-12-ல் இந்தியா முழுவதும் நடந்த மனித வளர்ச்சிக் குடும்ப ஆய்வில் ஜாதி விட்டு ஜாதி நடந்த கலியாணம் 100-க்கு 5 அளவில்தான் இருந்தது. ஜாதி பார்ப்பதில்லை என்று சொல்லுகிறவர்களோ வீதிக்கு நூறு பேர். இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்பத்தான் ஜாதகம் உபயோகப்படுகிறது.

அந்தச் செவ்வாய்தான் என்ன? சூரியனைச் சுற்ற 687 நாள் எடுத்துக்கொள்ளும், பூமியில் பாதி குறுக்களவுள்ள ஓர் உருண்டை. மண்ணில் இரும்புத் துரு மிகுந்திருப்பதால் சிவப்பாய்த் தெரிகிறது. நம்மை எவ்வளவு நெருங்கினாலும் 5 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். அதற்கு நம் நாட்டார் மங்கள்யானை அனுப்பியது 2013 நவம்பர் 5-ந் தேதி, பகல் 2 மணி 38 நிமிஷத்துக்கு. என்ன கிழமை? செவ்வாய்க்கிழமை! வெறுவாய் என்று நம் பாட்டிமார் கறிகாய் நறுக்கக்கூட யோசித்த கிழமை. அதற்குத் திட்ட இயக்குநராயிருந்த சுப்பையா அருணன் தமிழ்நாட்டுக்காரர்தான். 2014 செப்டம்பர் 24-ல் அது செவ்வாயை அடைந்து, ஆறு மாதம் உழைத்தால் போதுமென்று அனுப்பப்பட்டது ஏழு வருஷத்துக்குமேல் உழைத்தது. செவ்வாய்க்கிழமை கிளம்பி, செவ்வாயையே கிட்டப்போய்ச் சுற்றியதற்கு வராத தோஷம், சோழிங்கநல்லூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

இதற்கு அவரே ஒரு பதிலும் எழுதிவிட்டார். "ராக்கெட் விடும் விஞ்ஞானிகளே மாதிரி ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் போகிறார்களே, அவர்களைவிடவா நான் படித்தவன்?" என்கிறார். போனார்கள், உண்மைதான். சந்திரயான்-3 கிளம்புவதற்கு முதல்நாள், 2023 ஜூலை 13-ல் திருமலைக்குப் போனார்கள். ஆனால் 2019-லும்தானே சாமி கும்பிட்டுவிட்டுக் கிளப்பினார்கள்? அந்த வருஷம் செப்டம்பர் 7-ல் சந்திரயான்-2-ன் இறங்குகலம் விழுந்து நொறுங்கிற்றே! சாமி இரண்டு தடவையும் ஒன்றுதான். மாறினது என்ன? கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்குவதற்கு 500 மீட்டர் சதுரத்தைக் குறித்திருந்ததை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராயிருந்து, 2023 ஆகஸ்டு 23 சாயங்காலம் 6 மணி 4 நிமிஷத்துக்கு இறக்கிக் காட்டினார். அந்தத் தேதியும் ஒரு முகூர்த்தந்தான். ஆனால் எப்படிப்பட்ட முகூர்த்தம்? சந்திரனில் அந்த இடத்தில் அன்றைக்குத்தான் பொழுது விடிகிறது. விடிந்தால் நம் கணக்கில் 14 நாளைக்கு வெயில். வெயில் இருந்தால்தான் கலத்திற்கு மின்சாரம். ஏன் அன்றைக்கு என்று கேட்டால் இப்படி ஒரு காரணம் சொல்லத் தெரியவேண்டும். உம் ஜோஸ்யரிடம் கேட்டுப் பாரும், சொல்லட்டும். விஞ்ஞானி கோயிலுக்குப் போவது அவர் சொந்தப் பழக்கம்; அந்தப் பழக்கத்தைக் கணக்குக்குள் அவர் விடவில்லை. நீர் விடுகிறீர்.

தாயார் அழுவதைப் பற்றி நாம் கேலியாய் ஒன்றும் எழுதமாட்டோம். அந்த அம்மாளின் பயம் பொய்யல்ல. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு தலித் வாலிபர், வேறு ஜாதிப் பெண்ணோடு பழகியதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு. படிப்பும் சம்பளமும் அந்த வாலிபரைக் காப்பாற்றவில்லை. இப்படிப்பட்ட கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் பற்றி யோசனை சொல்ல அந்த வருஷம் அக்டோபரில் சர்க்கார் ஒரு கமிஷன் அறிவித்தது. 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும், ஜில்லாதோறும் தனிப் போலீஸ் பிரிவும், இப்படிக் கட்டிக்கொள்கிறவர்களுக்குப் பத்திரமான விடுதியும் வேண்டுமென்று உத்தரவிட்டிருக்கிறது. ஆகையால் துணிந்து குதி என்று நாம் சொல்லவில்லை. அம்மாளின் பயம் உறவினர்கள்மேலும் ஊர்மேலும், செவ்வாய்மேல் அல்ல. எந்த மாமனுக்குப் பயம், எந்தச் சித்தப்பா என்ன செய்வார் என்று வெளிப்படையாய்ப் பேசினால் அதற்கு வழி தேடலாம். கிரகத்தின் பேரால் பேசிக்கொண்டிருந்தால் வழியும் இல்லை, பேச்சும் இல்லை.

இன்னொரு சங்கதி. இந்த வாலிபருடைய ஊருக்குப் பக்கத்தில்தான் சுக்கிலநத்தம். அங்கேதான் 1928-ல் புரோகிதனும் மந்திரமும் இல்லாமல் முதல் சுயமரியாதைக் கலியாணம் நடந்தது. செய்துகொண்டவர்கள் பட்டதாரிகளல்ல, கிராமத்தார்கள். சட்டம் அப்போது அவர்கள் பக்கம் இல்லை. 1953-ல்கூட சென்னை ஹைக்கோர்ட்டு இந்த மாதிரிக் கலியாணம் செல்லாதென்றது. பிறக்கும் பிள்ளைக்குச் சொத்துரிமை இல்லாமற்போகும் என்று தெரிந்தும் செய்தார்கள். 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் கொண்டுவந்து, அது 1968-ல் அமலுக்கு வந்து, அதுவரை நடந்தவைகளும் செல்லும் என்றாயிற்று. இருவருக்கும் புரிகிற பாஷையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாய்ச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும், தாலி கட்டினாலும் சரி, ஐயர் தேவையில்லை என்பது சட்டம். சந்திரனில் இறங்கின ஐந்தாம் நாள், 2023 ஆகஸ்டு 28-ல், இதற்கு ஊர்கூட்டி விளம்பரம் செய்யவேண்டியதுமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டம் இல்லாத காலத்தில் ஏர் பிடித்தவன் செய்ததை, சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலான பிறகும் இன்ஜினீயர் செய்ய யோசிக்கிறார் என்றால், இத்தனை வருஷம் இவருக்குக் காலேஜில் கற்றுக்கொடுத்தது என்ன என்று கேட்கவேண்டியிருக்கிறது.

கடைசியாய் ஒரு குறை. எட்டுப் பக்கக் கடிதத்தில் தாயார் சொன்னது இருக்கிறது, தகப்பனார் சொன்னது இருக்கிறது, ஜோஸ்யர் சொன்னது இரண்டு பக்கம் இருக்கிறது. அந்தப் பெண் சொன்னது ஒரு வரிகூட இல்லை. தன் ஜாதகத்தை அறிமுகமில்லாத ஒருவனிடம் நீட்டி, நீ புருஷனைக் கொல்லப் பிறந்தவள் என்று சொல்லக் கேட்டபோது அவருக்கு எப்படியிருந்தது? தொடர்ந்து வேலைக்குப் போக எண்ணமா? அந்த 45,000 ரூபாய்த் தவணையில் பாதி தன் தலையில் விழுமென்று அவருக்குத் தெரியுமா? இத்தனைக்கும் பிறகு இந்த வீட்டுக்கு வர அவருக்கு இஷ்டந்தானா? முதலில் அதைக் கேட்கட்டும். அடுத்த கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போடட்டும்.

இருவருக்கும் சம்மதமென்றால் நாள் குறிக்க நாமே சொல்லுகிறோம்: இரண்டு பேருக்கும் கம்பெனியில் லீவு கிடைக்கும் ஒரு நாள், சினேகிதர்கள் வரத் தோதான நேரம். அதன்பின் 90 நாளைக்குள் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்துவிட வேண்டும். வயதுக்கும் விலாசத்துக்கும் அத்தாட்சியைக் கையோடு எடுத்துப்போகட்டும். ஜாதகத்தை அங்கே கேட்கமாட்டார்கள்.