நோட்டில் யார் படம்?

புதுக்கோட்டை அம்மன் காசில் ராஜாவின் தலை கிடையாது, பிரகதாம்பாள்தான் இருப்பாள். அதற்காக யாரும் சண்டை போடவில்லை! ரூபாய் நோட்டில் 1949-ல் ஆறாம் ஜார்ஜ் போய்ச் சிங்கத் தூண் வந்தது. காந்தியடிகள் 1969 வரை காத்திருந்தார். 2022-ல் லட்சுமி, பிள்ளையார் படமும் வேண்டும் என்று ஒரு சர்ச்சை.

முன்பக்கம் காந்தியே இருக்கட்டும். பின்பக்கத்தைப் பாருங்கள். 2016 முதல் வந்த நோட்டுகளில் கொனாரக், எல்லோரா, ஹம்பி, சாஞ்சி உண்டு, தமிழ்நாடு எங்கே? 1954-ல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. அதை எந்த ஏழை பார்த்தான்?

புதுக்கோட்டைச் சீமையிலேயே, சித்தன்னவாசல் குகைக் கூரையில் ஆயிரம் ஆண்டுத் தாமரைக் குளம், மீனும் யானையுமாக மங்கிக்கொண்டிருக்கிறது. பத்து ரூபாய் நோட்டில் அதைப் போடுங்கள். எழுத்தறியாத பாட்டியும், “இது நம்ம ஊருக் குளமாச்சே!” என்பாள்.