காணாமல் ஆக்கப்பட்டோரின் தரவுகள்: சாவி யாருடைய கையில்?

தண்ணீரூற்றில் நான் சந்தித்த தாய் ஒருவர், சொப்பிங் பைக்குள்ளிருந்து மகனைப் பற்றிய கடிதப் பிரதிகளை எடுத்துக் காட்டினார். "எத்தனை இடத்தில பதிஞ்சிட்டன் தம்பி. இதெல்லாம் இப்ப ஆரின்ர கையில கிடக்கு?" என்று கேட்டார்.

செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என வன்னிக் குடும்பங்கள் பதிந்த இடங்கள் பல. முறைப்பாட்டாளரின் முகவரி, கடைசியாகக் கண்ட இடம், யாரிடம் கையளித்தோம் என்பதெல்லாம் அவற்றில் உள்ளன. 2017 மார்ச் முதல் முல்லைத்தீவில் போராடிவரும், புலனாய்வாளரின் விசாரிப்புகளுக்குப் பழகிப்போன குடும்பங்களுக்கு இவை உயிரோடு தொடர்புடைய தகவல்கள்.

இத்தகைய பதிவுகள் கணினிக்குள் போகும்போது, "மறையாக்கம் செய்துள்ளோம்" என்ற பதில் மட்டும் போதாது. தரவுத்தள மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதுவதில்லை. பெரிய பட்டியலொன்றை வரிசைப்படுத்தும்போது நினைவகம் போதாவிட்டால், தற்காலிகக் கோப்புகளை வட்டில் எழுதுகிறது. மாற்றப் பதிவேடுகளும் காப்புப் பிரதிகளும் தனியாக இருக்கின்றன. பிரதான அட்டவணையைப் பூட்டிவிட்டு இவற்றைத் திறந்து விட்டால், அதே பெயர்கள் அங்கே வெளிப்படையாகக் கிடக்கும்.

உலகெங்கும் பயன்படும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளை உருவாக்குவோர் பல ஆண்டுகளாக விவாதிக்கும் சிக்கல் இதுதான். மென்பொருளின் வெவ்வேறு பகுதிகள் தத்தம் வழியில் கோப்புகளை எழுதினால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பூட்டுப் போட வேண்டும். ஒன்று தவறினாலும் கசியும். எழுதும் வழிகளை ஒன்றாக்கினால் அந்த ஓரிடத்தில் மறையாக்கலாம். மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வர், ஒரு தரவுத்தளம் மறையாக்கப்பட்டால் தற்காலிகத் தரவுத்தளத்தையும் சேர்த்தே மறையாக்குகிறது.

அரச கணினிகள் மீதான நம்பிக்கைக்கும் அடித்தளம் பலமாக இல்லை. 2023இல் இலங்கை அரச மேகக்கணினி மீது நடந்த கப்பத் தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, தள்ளிவைக்கப்பட்டன.

இதைவிடப் பெரிய விடயம் சாவி. வட்டைத் திருடியவரிடமிருந்து மறையாக்கம் காக்கும். சாவியோடு உள்ளே வருபவரிடமிருந்து காக்காது. எங்கள் மக்கள் அஞ்சுவது இரண்டாமவருக்கே.

ஆகவே, விபரம் கொடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் மூன்று கேள்விகளைக் கேட்க உரித்துடையது. தற்காலிகக் கோப்புகளும் காப்புப் பிரதிகளும் மறையாக்கப்படுகின்றனவா? சாவி யாரிடம் உள்ளது? எங்கள் கோப்பை யார், எப்போது திறந்தார் என்ற பதிவை நாங்கள் பார்க்கலாமா?

அந்தத் தாயின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் சொல்லவேண்டியவர்கள் அவரிடம் விபரம் வாங்கியவர்கள்.