முற்றும் போடாத இதழ்

இதழ் ஒன்று பிறக்கும்போது விழா எடுக்கிறோம். முதற்படியைப் பெரியவர் ஒருவர் வெளியிட, மற்றொருவர் பெற்றுக்கொள்ள, வாழ்த்துரைகள் குவிகின்றன. அவ்விதழ் மறையும்போது அச்செய்தியைச் சொல்வாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஒரு மாதம் கடைக்கு வரவில்லை. மறுமாதமும் வரவில்லை. ‘இன்னும் கட்டு வரவில்லை’ என்கிறார் கடைக்காரர். மூன்றாம் மாதம் கேட்பதையே நாம் விட்டுவிடுகிறோம். இதழியல் வரலாறு எழுதப் புகுவோருக்கு ஓர் இதழ் தோன்றிய ஆண்டைக் கண்டறிவது எளிது. நின்றுபோன ஆண்டைக் கண்டறிவதற்குள் தலை நரைத்துவிடும்.

இதனை நான் எழுதத் தூண்டுதலாக இருப்பது அம்புலிமாமாவின் மறைவு. இந்த இதழ் தமிழிலும் தெலுங்கிலும் 1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நாடு விடுதலை பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கியது. பின்னாளில் திரைப்படத் துறையில் பெரும் பொருள் ஈட்டிய அவ்விருவரும் குழந்தைகளுக்கென ஓர் ஏட்டையும் நடத்த எண்ணினார்கள் என்பதே வியப்புக்குரியது. பின்னர்ப் பன்மொழி இதழாக விரிந்து, இந்திய மொழிகள் பலவற்றில் ஒரே கதை, ஒரே படம், வெவ்வேறு எழுத்து என்று வந்துகொண்டிருந்தது. 1998இல் தொழிலாளர் சிக்கலால் நின்றது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் மீண்டும் வந்தது. 2007இல் மும்பை நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. 2013இல் விளக்கம் ஏதுமின்றி நின்றுபோனது.

முதல்முறை நின்றபோது மீண்டு வந்தது அல்லவா? ஆகையால் இரண்டாம் முறையும் வரும் என்று வாசகர்கள் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பது அவரவர் உள்ளத்துக்கே வெளிச்சம்.

காரைக்குடியில், 1970களின் தொடக்கத்தில், எங்கள் தெருமுனையில் ஓர் ஆச்சி வீடு இருந்தது. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு மறுதெருவிலும் இருக்கும் பெரிய வீடு. அதில் குடியிருந்தவர்கள் ஆச்சியும் ஒரு சமையற்காரரும் மட்டுமே. பிள்ளைகள் மலேயாவில். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் படிக்கட்டும் என்று ஆச்சி அம்புலிமாமாவுக்குச் சந்தா கட்டியிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் வந்ததை நான் இருமுறைதான் பார்த்திருக்கிறேன். இதழ் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்தது. என் அத்தா கல்லுக்கட்டியில் சிறு துணிக்கடை வைத்திருந்தார்கள். சந்தா கட்டும் வசதி எங்களுக்கு இல்லை. ஆகவே நானும் தெருப்பிள்ளைகள் நால்வரும் ஆச்சி வீட்டுத் திண்ணையில் கூடுவோம். ஆச்சிக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் பழக்கமில்லை. ஒருவன் உரக்கப் படிக்க வேண்டும்; மற்றவர் கேட்க வேண்டும்; படித்தவனுக்குச் சீப்புச்சீடை இரண்டு கூடுதலாகக் கிடைக்கும். நான் தமிழாசிரியன் ஆனதற்கு யாது காரணம் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் சங்க இலக்கியத்தைச் சொல்லிவிடுகிறேன். உண்மையில் காரணம் அந்தச் சீப்புச்சீடை.

விக்கிரமாதித்தனும் வேதாளமும் வரும் பக்கத்துக்கு வந்துவிட்டால் திண்ணை அமைதியாகிவிடும். தோளில் பிணமும் கையில் வாளுமாக மன்னன் நடக்கும் அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர். ஈரோட்டுப் பக்கத்துக் காரத்தொழுவில் 1924இல் பிறந்து, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கும் மேல் அதிலேயே வரைந்தவர். கதை முடிவில் வேதாளம் ஒரு புதிர் போடும். மன்னன் விடை சொன்னதும் பிணத்தோடு பறந்து மரத்தில் ஏறிக்கொள்ளும். மன்னன் மீண்டும் மரத்தை நோக்கி நடப்பான். விடையை மன்னன் சொல்வதற்கு முன் ஆச்சி சொல்ல வேண்டும் என்பது எங்கள் திண்ணையின் சட்டம். பெரும்பாலும் ஆச்சியின் விடை மன்னனின் விடையைவிட நடைமுறைக்கு ஒத்ததாக இருந்தது. வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்லவா!

கடைசிப் பக்கத்தில் இரண்டு புகைப்படங்கள் இருக்கும். இரண்டுக்கும் பொருந்துமாறு தலைப்பு எழுதி அஞ்சலட்டையில் அனுப்பவேண்டும். எங்கள் ஐவருடைய பெயரும் ஒருமுறையேனும் அச்சில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எத்தனை அட்டைகள் அனுப்பினோம்! ஒன்றும் வரவில்லை. ஆயினும் மறுமாத இதழைப் பிரித்தவுடன் கடைசிப் பக்கத்துக்கே கை போகும்.

ஓர் இதழ் நின்றுவிட்டதே என்று வளர்ந்த மனிதர்கள் வருந்துவது நகைப்புக்குரியது என்று கருதுவோர் உண்டு. ‘பிள்ளைகள் புத்தகம்தானே’ என்று என்னிடமே ஒரு நண்பர் கூறினார். இத்தகைய வருத்தம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, வாளேந்திய வீரனாகவும் மந்திரவாதியாகவும் பேசியும் தாயம் போன்ற காய்களை உருட்டியும் கதையை வளர்ப்பார்கள். 1974இல் தோன்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் இவ்வகையில் முன்னோடி. அதற்கென்றே ‘டிராகன்’ என்னும் இதழ் 1976 முதலும், ‘டஞ்சன்’ என்னும் இதழ் 1986 முதலும் வெளிவந்தன. 2007ஆம் ஆண்டு ஏப்ரலில், இவ்விரண்டும் அச்சில் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. வாசகர்கள் கொதித்தார்கள். உரிமை பெற்ற நிறுவனம் தங்களைக் கைவிட்டுவிட்டதாக எழுதினார்கள். நரை கண்டவர்கள், தாம் பன்னிரண்டு வயதில் வாங்கிய முதல் இதழை நினைவுகூர்ந்து அழுதார்கள்.

ஆனால் அவர்களுக்குக் கிடைத்த ஒன்று நமக்குக் கிடைக்கவில்லை. நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்ன பின் ஐந்து திங்கள் இதழ்களை நடத்தினார்கள். ‘டஞ்சன்’ இதழில் பன்னிரண்டு பகுதிகளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கதைத்தொடர் இருந்தது. அதன் பன்னிரண்டாம் பகுதி அவ்விதழின் 150ஆம், இறுதி வெளியீட்டில் அச்சாகித் தொடர் நிறைவு பெற்றது. ‘டிராகன்’ 359ஆம் வெளியீட்டோடு விடைபெற்றது. அந்த வெளியீட்டைக் கையில் வாங்கும்போதே, இது கடைசி என்று வாசகனுக்குத் தெரியும். வருத்தத்தை வைத்துக்கொள்ள அவனுக்கு ஓர் இடம் கிடைத்தது.

அம்புலிமாமாவின் கடைசி இதழைக் கையில் வாங்கிய குழந்தைக்கு அது கடைசி என்று தெரியாது. வேதாளம் வழக்கம்போல் மரத்தில் ஏறிக்கொண்டது. மன்னன் வழக்கம்போல் திரும்பினான். அங்கேயே இன்றும் நிற்கிறான்.

ஓர் இதழ் நட்டத்தில் நடக்குமானால் நிறுத்தத்தான் வேண்டும். எவரும் எவர் காசிலும் காலமெல்லாம் இதழ் நடத்த முடியாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுள் நானும் ஒருவன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. என் மக்கள் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்தபோது நான் இதழை அவர்கள் கையில் திணிக்கவில்லை. ஆயினும், நிறுத்துகிறவர்கள் வாசகனுக்கு ஓர் இறுதி இதழைக் கடன்பட்டிருக்கிறார்கள் என்றே கருதுகிறேன். தொடரை முடித்துவைக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் இதில் எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று பெயர்களையேனும் ஒரு பக்கத்தில் அச்சிட வேண்டும். அம்புலிமாமாவில் தொடர்கதைகளுக்கு ஆசிரியர் பெயர் இராது. நாம் வாய்பிளந்து படித்த மாயக் கதைகள் பலவற்றைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்பிரமணியம் என்பவர் என்பதே பின்னாளில்தான் வாசகருக்குத் தெரியவந்தது. ஓவியர் சங்கர் 2020 செப்டம்பரில் தம் 96ஆம் வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது அதனைப் பெற அவர் இல்லை.

மறைந்தது அம்புலிமாமா மட்டுமா? ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. கோகுலம் 2019இல் நின்றது. சுட்டி விகடன் 2020இல் நின்றது. கோகுலத்தைச் சொல்லும்போது இராயவரத்து அழ. வள்ளியப்பாவைச் சொல்லாமல் போக முடியாது. நம் செட்டிநாட்டு மண்ணில் 1922இல் பிறந்த அப்பெருமகனார், வங்கிப் பணியில் இருந்துகொண்டே பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை எனக் குழந்தை இதழ்கள் பலவற்றுக்கு ஆசிரியராக இருந்து, ஓய்வுக்குப் பின் கோகுலத்தையும் நடத்தினார். அவர் கை பட்ட இதழ்களுள் இன்று ஒன்றுகூட இல்லை. டமாரத்தின் ஒரு படியை இன்றைய மாணவர் எவரேனும் கண்ணால் பார்த்ததுண்டா? வகுப்பில் கேட்டேன். இதழின் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள், அவ்வளவே.

காரைக்குடிக்கும் இதழ்களுக்கும் உள்ள உறவு பழையது. சொ. முருகப்பா இங்கிருந்து தன வைசிய ஊழியனைத் தொடங்கியது 1920இல். பின்னர் அது ஊழியன் என்னும் பெயரில் இராய. சொக்கலிங்கனார் ஆசிரியராக இருக்க நடந்தது. புதுமைப்பித்தன் சில காலம் அதில் பணியாற்ற இவ்வூருக்கு வந்தார். அந்த ஊழியனும் நின்றது. நின்ற இதழ்களின் ஊர் இது என்று சொன்னாலும் பிழையில்லை. ஆனால் நின்ற இதழ்களைக் காத்த ஊரும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, பிறர் குப்பை என்று ஒதுக்கியதையெல்லாம் வீட்டில் சேர்த்தார். நூல்களோடு நின்றாரா? பழைய இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. இன்று சென்னையில் அது அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக விளங்குகிறது. கோட்டையூரில் கிடந்ததன் மதிப்பைச் சொல்லச் சிகாகோவிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அம்புலிமாமாவின் பழைய இதழ்களை அந்நிறுவனமே இணையத்தில் ஏற்றி வைத்திருந்தது. இதழ் நின்ற சில ஆண்டுகளில் அந்தத் தளமும் மறைந்தது. இடையில் முந்திக்கொண்டு பிரதி எடுத்து வைத்த வாசகர்களால்தான் அவற்றுள் பல இன்று உலவுகின்றன. தாளில் அச்சான பழைய படியோ, எவர் வீட்டு மச்சிலேனும் கரையானுக்குத் தப்பிக் கிடந்தால், எடுத்துத் தூசு தட்டினால் போதும், படித்துவிடலாம்.

அந்த மச்சுகளைப் பற்றியே என் கவலையெல்லாம். ஆச்சி மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், பங்காளிகள் கூடிப் பேசி வீட்டை விற்றார்கள். செய்தி கேட்டு நான் போனபோது பர்மாத் தேக்குத் தூண்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. நிலைக்கதவுக்கு விலை பேசினார்கள். இரவிவர்மா படங்களுக்கு விலை பேசினார்கள். பீங்கான் சாடி முதல் இரும்புப் பெட்டி வரை முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ‘மச்சில் சில புத்தகக் கட்டுகள் இருக்குமே’ என்றேன். முந்தின நாளே எடைக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள். பழைய பேப்பர்க்காரரின் கடைக்கு ஓடினேன். அவர் நல்லவர், கிடங்கைத் திறந்துவிட்டு ‘தேடிக்கொள்ளுங்கள் சார்’ என்றார். மாலைவரை தேடினேன். எங்கள் திண்ணைக் கட்டில் மிஞ்சியவை ஏழு படிகள். மற்றவை கடலைப் பொட்டலங்களாக ஊர் முழுதும் சுற்றியிருக்கும்.

ஒரு தூணை இழந்தால் அதைப்போல் இன்னொரு தூணை இந்நாட்டில் எங்கேனும் காணலாம். டமாரத்தின் ஒரு படி எடைக்குப் போனால் அது தமிழ்நாட்டிலேயே எஞ்சிய ஒரே படியாக இருந்திருக்கவும் கூடும். இதனை வீடு விற்போர்க்கு யார் சொல்வது? நம் மாணவர்கள் சொல்லலாம். தமிழ்த்துறை மாணவர்களில் பாதிப்பேர் இச்சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். எந்தத் தெருவில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எது விலைக்கு வருகிறது என்பதை அவர்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைவதைவிட, மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு வீட்டுப் பரணை உரியவர் இசைவோடு பார்த்து, அங்குள்ள இதழ்களைப் பட்டியலிட்டு வந்தால், அந்தப் பட்டியலையே நான் ஆய்வேடாக ஏற்றுக்கொள்வேன். இதழின் பெயர், திங்கள், ஆண்டு, எத்தனை பக்கம், எவை கிழிந்துள்ளன, இவ்வளவு போதும்.

என் ஏழு படிகளையும் கட்டித் தைத்துத் துறை நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஒன்றில் அட்டை இல்லை. மற்றொன்றின் கடைசிப் பக்கத்தில், புகைப்படப் போட்டிக்காக நாங்கள் பென்சிலால் எழுதிப் பார்த்த தலைப்புகள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டு ஆச்சி சொன்னவை. தொடர்கதையின் நடுப்பகுதிகள் மட்டுமே என்னிடம் உள்ளன. முதலும் முடிவும் இல்லை. விடுபட்டவற்றை வைத்திருப்போர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், துறைக்கு ஓர் அஞ்சலட்டை போட்டால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.