கிண்டியில் முறுக்கிய கயிறு



பொதுத்தேர்வு நெருங்குகிறது. நம் காட்டுப்பாக்கம் வட்டாரத்து டியூஷன் சென்டர்களில் பிளஸ் டூ வேதியியலின் கடைசிப் பாடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். இயற்கைப் பலபடிக்கு உதாரணம் கேட்டால் ஸ்டார்ச், செல்லுலோஸ், புரதம், ரப்பர் என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். மதிப்பெண்ணும் கைக்கு வந்துவிடும். அந்தப் பட்டியலில் உள்ள புரதத்துக்கு நம்மூர் விலாசம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

நம் ஸ்டாப்பில் பஸ் ஏறி, போரூர், ராமாபுரம், நந்தம்பாக்கம் கடந்தால் கிண்டி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறையை நடத்த வரும்படி 1952-ல் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் சர் சி.வி. ராமனைக் கேட்டார். ராமன் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். வந்தவருக்கு முப்பதை ஒட்டிய வயது. அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் நமக்குத் தெரியாத பொருளல்ல. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் புரதம் அது. நம் உடம்பின் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆட்டுக்கால் சூப் மிஞ்சிப்போய் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் தளதளவென்று உறைந்து நிற்கிறதே, கொதியில் கொலாஜன் பிரிந்து ஜெலட்டினாக மாறியதன் விளைவு அது.

ஆராய்ச்சிக்கு முதலில் கிடைத்தது சுறாத் துடுப்பு. அது போதவில்லை. பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகக் கங்காரு வால் தசைநாண் வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் அடையாற்றில் என்ன செய்கிறது என்று கேட்காதீர்கள், தோல் ஆராய்ச்சிக்காரர்களிடம் எல்லாம் இருக்கும்! அதன் மேல் எக்ஸ்ரே செலுத்திப் படமெடுத்து, சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து ராமச்சந்திரன் மாதிரி கட்டினார். 1954 ஆகஸ்ட் 7 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது. பலபடி என்பது நீண்ட சங்கிலிதான் என்று பலரும் நம்பாத காலத்திலேயே வாதாடிய வேதியியலாளர் ஸ்டாடிங்கருக்கு, அதற்கு முந்தைய ஆண்டுதான் நோபல் பரிசு கிடைத்திருந்தது.

அவர்கள் கண்டது அமினோ அமிலங்கள் கோத்த மூன்று சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசீன். அமினோ அமிலங்களில் ஆகச் சிறியது அதுதான். மூன்று சங்கிலிகளும் சேரும் உள்பக்க இடுக்கில் வேறு எதுவும் நுழையாது. முதல் மாதிரியில் ஒரு குறை இருந்தது. எக்ஸ்ரே படத்தோடு முழுசாக ஒத்துப்போகவில்லை. பூமியைச் சுற்றும்போது நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டும். அதே மாதிரி கிளைசீன் எப்போதும் நடுவைப் பார்த்தே இருக்க வேண்டுமானால், சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றியபடி இன்னொரு முறுக்கும் முறுக்கியிருக்க வேண்டும் என்று ராமச்சந்திரனுக்குப் பிடிபட்டது. கயிறு திரிப்பவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்: புரி ஒரு பக்கம் முறுக்கும், கயிறு எதிர்ப்பக்கம் முறுக்கும், அதனால்தான் பிரியாது. திருத்திய மாதிரி 1955-ல் வந்தது.

சர்ச்சையும் வந்தது. அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று கேம்பிரிட்ஜிலிருந்து ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயமும் இருந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் குழு கணக்குப் போடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் அவர் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’ அதன் பலன். இன்றும் எந்த நாட்டில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். எதிராளி நம்மைக் குறைகூறினால் இப்படியல்லவா பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு சின்ன கர்வம்.

நம் தோல் பதனிடுவோர் எக்ஸ்ரேவுக்கு வெகு முன்பே கொலாஜனோடு பழகியவர்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின், கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அப்புறம் தோல் அழுகாது. அந்தப் பழைய கைவேலையும் கிண்டியின் கண்டுபிடிப்பும் ஒரே இழையைப் பற்றியவை. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தன் அரங்கத்துக்கே ‘ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்’ (மூன்று சங்கிலி முறுக்கு) என்று பெயர் வைத்திருக்கிறது. சர்தார் பட்டேல் சாலையில் போகும்போது பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காட்டுங்கள்.

பட்டியலில் ரப்பரை இன்னும் தொடவில்லை. அதற்கு நான் தேவையில்லை. அம்பத்தூர் டன்லப்பில் டயர் வார்த்தவர்கள் நம் வாசகர்களிலேயே இருப்பீர்கள். ரப்பர் கந்தகத்தோடு வெந்து டயராவதைக் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் படித்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்