மத்தளத்துக்கு எந்த சொப்ட்வெயர்?

முள்ளியவளையில் போன கிழமை ஒரு தம்பி தன் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தைக் காட்டினார். பத்துக்குப் பத்து அறை, நாலு பக்கமும் பூசின சுவர், சீமெந்து நிலம். கனடா மாமா அனுப்பிய ஸ்பீக்கர்கள் மேசையில் பளபளத்தன. "சுவருக்கு ஒண்டும் அடிக்கத் தேவையில்லை அண்ணை. அறையை அளக்கிற மைக் வந்திருக்கு, மிச்சத்தைச் சொப்ட்வெயர் சரிக்கட்டும்" என்றார். அவர் சொன்னது அரைவாசிதான் விளங்கியது. அறை கிணறு மாதிரி முழங்கியது.

வவுனியாவிலும் இதே கதை, கிளிநொச்சியிலும் இதே கதை. அந்த சொப்ட்வெயர் திருத்துவது ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை மட்டும். கோவலன் கூத்துப் பாட்டுப் பதிய ஒரு மத்தளக்காரரை அந்த அறையில் இருத்துங்கள். அவர் ஸ்பீக்கருக்குள்ளாலா அடிக்கப்போகிறார்? அவருடைய அடி சுவரில் மோதித் திரும்பி மைக்கில் விழும். பூசின சுவர் தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கு விழுங்கினாலே பெரிய காரியம்.

சரி, கேட்கிற பக்கமாவது உருப்படுமா? பத்தடி தள்ளி எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கிடையே 57 ஹேர்ட்ஸ் அளவில் ஒலி நின்று ஆடும். சுவரோரம் இடிக்கும், நடு அறையில் காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றென்றால் இரண்டு சோடிச் சுவரும் சேர்ந்தே கூத்தடிக்கும். தம்பியின் கதிரையோ சரியாக நடுவில்! தொலைந்த அடியை 6 டெசிபெல் கூட்டினால் அம்பிளிபயர் 4 மடங்கு சக்தி கக்க வேண்டும்; சுவரால் திரும்பும் அலையும் அதே அளவு கூடி அதை அழித்துவிடும். மேட்டைச் செதுக்கலாம், பள்ளத்தை நிரப்ப ஏலாது. செதுக்கினதும் அந்த ஒரு கதிரைக்குத்தான். மத்தளக்காரருக்கு அதுவும் இல்லை.

முட்டை மட்டை ஒட்டுகிற கூட்டம் வேறு. அது கூரிய சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும், தீப்பிடிக்க நன்றாக உதவும். நாலங்குலத் தும்பு மெத்தைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்த யாருக்கு மனம் வரும்? முகநூல் படத்துக்கு வடிவில்லையே. மெத்தை 57 ஹேர்ட்ஸை அடக்காதுதான். ஆனால் மேலே கிடக்கிற முழக்கத்தை அது குடிக்கட்டும், கதிரை நடுவை விட்டு நகரட்டும், கீழே மிஞ்சின மேட்டை சொப்ட்வெயர் செதுக்கட்டும். அப்படிச் செய்தால் நான் ஏன் வாய் திறக்கிறேன்?

எங்கள் ஆட்களுக்கு இறுவட்டு வெளியீடுதான் பெரிசு. பிரதம விருந்தினர், பொன்னாடை, முடியாத வாழ்த்துரைகள். மத்தளக்காரருக்கு பஸ் காசு. இப்போது பலர் அவரைக் கூப்பிடுவதே இல்லை. கீபோட்டில் ஒரு பொத்தானை அமத்தினால் மத்தளம் வருகிறதாம். வரும்தான். எங்கோ ஒரு ஊரில், சுவரைக் கவனமாக மூடிய அறையில், வேறு யாரோ எதையோ அடித்துப் பதிந்த சத்தம் அது.